ஜிபிஎஸ் குரலோடு வந்த இரைச்சல்

பணகுடி தாண்டிக் காவல்கிணறு பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தக் காற்றைத் தெரியும். காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன! ஜிபிஎஸ் கருவியின் சின்ன ஸ்பீக்கர் அங்கே காதில் விழாது. அதனால் அதன் ஹெட்போன் துளையிலிருந்து 3.5 மி.மீ. கேபிள் இழுத்து, என் டூரிங் பைக்கின் ஸ்பீக்கருக்கு ஒலி கொடுக்கும் ஆக்ஸ் (AUX) துளையில் செருகினேன். குரல் கணீரென்று வந்தது. கூடவே 'ஙொய்ய்' என்று ஓர் இரைச்சல். ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க அதுவும் ஏறியது.

இரண்டு கேபிள் மாற்றியும் போகவில்லை. வண்ணார்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் அண்ணாச்சிதான், "தம்பி, சார்ஜர் வயரைக் கழட்டிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்றார். கருவி தன் பேட்டரியில் ஓடியது. இரைச்சல் சுத்தமாக நின்றது. எனக்குப் பெரிய நிம்மதி.

வண்டியிலிருந்து வரும் சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆடியோ கேபிள் வழியாக இன்னொரு எர்த். இரண்டும் சேர்ந்து வளையமாகிவிட, வண்டிக்கு மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் மின் அலைவு ஒலிக்குள் புகுந்துவிடுகிறது. ஆடியோ கேபிளின் நடுவே, இந்த எர்த் வளையத்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டேன். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒலியைக் காந்தப்புலத்தால் கடத்துவதால் அந்த வளையம் அறுந்துவிடும். சார்ஜரை அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

ஐசொலேட்டரை, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை விட்டு விலக்கி, மழை படாமல் ஃபேரிங்குக்குள் (வண்டியின் வெளிமூடிக்குள்) கட்டினேன். ஜிபிஎஸ் வால்யூமைக் கூட்டி, வண்டியின் வால்யூமைக் குறைத்து வைப்பது நல்லது. மறுநாளே மணிமுத்தாறு வரை போய்வந்தேன். ஒவ்வொரு திருப்பமும் தெளிவாகக் கேட்டது.