கொரிய லேயர் கட்: படத்தைப் பார்த்து முகத்தை மறப்பவர்கள் செய்யும் தவறுகள்

என்னிடம் தொழில் பயிலும் பெண் ஒருவர், ஈரமாக இருந்த முன்முடியைச் சீப்பால் நேராக இழுத்து, உதட்டுக்கு நேரே இரு விரல்களுக்கிடையே பிடித்துக் கத்தரியை வைத்தபோது, அந்த இழை காய்ந்த பிறகு எங்கே போய் நிற்கும் என்பது எனக்கு முன்னரே தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து நிறுத்தினேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதே இடத்தில், அதே நம்பிக்கையோடு வெட்டியவள்தான். நாற்காலியில் அமர வருபவர்களும் கத்தரி பிடிக்கப் பழகுபவர்களும் கொரிய லேயர் கட்டில் ஒரே வகைத் தவறுகளைத்தான் மாற்றி மாற்றிச் செய்கிறார்கள் என்பதால், இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அழுக்குத் தலையோடு வருவது, விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவது போன்ற, எவரும் அறிந்த பிழைகளை இங்கே பேசப் போவதில்லை.

முகவடிவத்தைத் தற்படத்தில் தேடுவது

கையை நீட்டி எடுத்த தற்படத்தில் முகத்தின் நடுப்பகுதி பெரிதாகவும் ஓரங்கள் ஒடுங்கியும் தெரியும். 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 5 அடித் தொலைவில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடித் தெரிவதாக 2018இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. காதுப்பக்கமும் தாடையும் பின்வாங்கிவிடுவதால், வட்ட முகம் கொண்டவர் தம்முடையது நீள்வட்டம் என்று உறுதியாக நம்பி வந்து அமர்கிறார். முடியை முழுவதும் பின்னால் கட்டிக்கொண்டு, வேறொருவரை ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லிப் படம் எடுக்கச் செய்யுங்கள். அல்லது அளவுநாடாவால் நெற்றி, கன்ன எலும்பு, தாடை ஆகிய மூன்றின் அகலத்தையும், முடி தொடங்கும் கோட்டிலிருந்து மோவாய் வரையிலான நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் பெரும்பாலும் நீள்வட்டம். அதையும் தாண்டினால் நீள முகம். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நீள அகலக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தாடை மூலை வளைகிறதா, முறிகிறதா என்பதே வேறுபாடு. கன்ன எலும்பு மட்டும் அகன்று நெற்றியும் தாடையும் குறுகியிருந்தால் வைர வடிவம். நெற்றி அகன்று மோவாய் கூர்ந்திருந்தால் இதய வடிவம். பெரும்பாலான முகங்கள் இவற்றுள் இரண்டின் கலவையாகவே இருக்கும் என்பதால், வடிவத்தின் பெயரைவிட உங்கள் முகத்தின் மிக அகன்ற இடம் எது என்பதை அறிந்து வருவதே பயன் தரும்.

குட்டை இழையின் இடத்தை ஈரத்தில் முடிவுசெய்வது

நான் சற்று நிதானமாகப் பேச விரும்பும் தவறு இதுதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இதைக் காணும்போது எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் பாதி என் மீதே எனக்குள்ளது.

கொரியப் பாணி லேயர் கட் என்பது அடியில் நீளத்தை விட்டுவைத்து, முகத்தைச் சுற்றியுள்ள இழைகளைப் படிப்படியாகக் குறைத்து, அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியாதபடி இழைத்துவிடும் வேலை. முகத்தை ஒட்டி விழும் மிகக் குட்டையான இழையிலிருந்துதான் மற்ற எல்லாப் படிகளும் பிறக்கின்றன. பார்ப்பவர் கண் அந்த இழையோடு கீழிறங்கி, அது முடியும் இடத்தில் நிற்கும். நுனி அங்கே உள்ளே வளைந்தாலும் வெளியே துள்ளினாலும் அந்த இடம் அகலமாகத் தோன்றும். முகவடிவத்துக்கு ஏற்ற வெட்டு என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஒரு நுனி எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விதான்.

வட்ட முகத்துக்கு அந்த நுனி மோவாய்க்குக் கீழே இரண்டு விரற்கடையில் நிற்க வேண்டும். கன்னத்தில் நின்றால் அகன்ற இடத்தை மேலும் அகற்றிக் காட்டும். சதுர முகத்தில் தாடை மூலையின் மீது நிற்கவே கூடாது. மூலையைக் கடந்து கீழே இறங்கி மென்மையாக வளைய வேண்டும். நீள முகத்துக்கு இதற்கு நேர்மாறாக, கன்ன எலும்பு மட்டத்திலேயே படி தொடங்கிப் பக்கவாட்டில் அடர்த்தி கூட வேண்டும். நெற்றியை ஓரளவு மறைக்கும் முன்முடியும் அங்கே துணை செய்யும். இதய வடிவத்துக்கு மோவாய் அருகே முடி கனமாகத் தங்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வைர வடிவத்தில் கன்ன எலும்பைத் தவிர்த்து, நெற்றியோரத்திலும் மோவாயிலும் நிறைவு தேட வேண்டும். நீள்வட்ட முகத்துக்காரர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை; எங்கே நின்றாலும் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கு எனக்கு அப்போதே மனப்பாடம். கெட்டுப்போனது அளந்த விதத்தில்தான். வட்ட முகமும், முதுகின் பாதி வரை இறங்கும் மெல்லிய அலைமுடியும் கொண்ட வாடிக்கையாளர் ஒருவர், படிகள் மெல்ல இறங்கும் ஹஷ் கட் என்ற வெட்டின் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். படத்தில் இருந்த பெண்ணுக்கு முன்னிழை உதட்டருகே நின்றது. மோவாய்க்குக் கீழே விடுவதே உங்கள் முகத்துக்குப் பொருந்தும் என்று ஒருமுறை சொன்னேன்; அவர் படத்தையே சுட்டினார்; நான் அதற்குமேல் வாதாடவில்லை. அலசிய ஈரத்தோடு, சீப்பை இறுக்கி இழுத்து, உதட்டு மட்டத்தில் வெட்டினேன். ஈரமுடி இழுத்தால் நீளும். உலரும்போது பழைய நிலைக்குச் சுருங்கும். அலைமுடியாக இருந்தால் அதன் வளைவும் திரும்பி வந்து மேலும் ஏறும். நீளம் போனதால் கனமும் போய், இழை இன்னும் கொஞ்சம் எழும்பும். இந்த மூன்றும் சேர்ந்ததில், ட்ரையரை அணைத்தபோது, உதட்டுக்கு நேரே வெட்டிய இழை கன்னத்தின் நடுவில் இருபுறமும் வெளியே துள்ளிக்கொண்டு நின்றது. அவர் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த படத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது சேதம் இரண்டு இழைகளோடு போயிருக்கும். தனித்துத் தெரிகிறதே என்று பதறி, அதை அடுத்த படியோடு இணைப்பதற்காக அடுத்த படியையும் குறைத்தேன். அது அதற்கடுத்த படியிலிருந்து விலகித் தெரியவே, அதையும் தொட்டேன். கால் மணி நேரத்தில் கன்னத்தைச் சுற்றி ஒரு குடை விரிந்துவிட்டது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. வளர்கிறது; கன்னத்தின் நடுவிலிருந்து மோவாய்க்குக் கீழே வர ஏழு செ.மீ. தேவை. என்னுடைய பத்து விநாடிக்கு அவர் ஏழு மாதங்கள் செலுத்தினார். அந்த மாதங்களில் பெரும்பாலும் இருபுறமும் கிளிப் மாட்டிக்கொண்டே இருந்தார் என்பது, நீளம் திரும்பிய பிறகு அவர் மீண்டும் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. தவறு கண்ணில் பட்டதும் கத்தரியை வைத்துவிட வேண்டும் என்பதை அன்று எவராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பயிற்சிப் பெண்ணை நிறுத்திய அன்று, வெட்டாமலேயே இதைக் காட்ட முடிந்தது. ஈர இழையில் உதட்டு மட்டத்தில் ஒரு சிறு கிளிப்பைக் கவ்வவிட்டு, சீப்பால் இழுக்காமல் விரல்களால் மட்டும் கோதி உலர்த்தச் சொன்னேன். முடி காயக் காயக் கிளிப் மெல்ல மேலேறி, மூக்கு நுனி மட்டத்துக்கு வந்து நின்றது. அதன் பிறகு அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆகவே, முடி உலர்ந்து, தினமும் எடுக்கும் வகிட்டில் விழுந்து கிடக்கும் நிலையில், தலையை நேராக வைத்து, இடத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஈரத்தில் வெட்டுவதானால் குறித்த இடத்துக்கு மூன்று செ.மீ. கீழே வெட்டி, உலர்த்திப் பார்த்து, மிச்சத்தை உலர்ந்த நிலையிலேயே சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அடர்ந்த சுருள்முடிக்கு மூன்று செ.மீ.கூடப் போதாது, தொடக்கத்திலிருந்தே உலர்வெட்டுதான் நல்லது. நாற்காலியில் அமர்பவர் “கொஞ்சம் குட்டையாக” என்றோ “இரண்டு அங்குலம்” என்றோ சொல்லாமல், தம் முகத்தின் மீதே விரலை வைத்து, “காய்ந்த பிறகு நுனி இங்கே நிற்க வேண்டும்” என்று காட்டட்டும்.

படத்தில் இருப்பது முழுவதும் வெட்டு என்று நம்புவது

அந்தப் படங்களில் வெட்டு பாதிதான். மீதி வெப்பமும், மருந்திட்டு முடியை நெடுநாள் வளைந்திருக்கச் செய்யும் பெர்மும். கிழக்காசிய மக்களின் தலைமுடி பெரும்பாலும் தடித்தது, நேரானது, குறுக்குவெட்டில் வட்டத்துக்கு நெருக்கமானது. லேயர் போட்டுக் கனத்தைக் குறைத்தாலும் அது தானாக வளையாது. அதனால்தான் கொரிய அழகு நிலையங்களில் இந்த வெட்டோடு சேர்த்து, நுனி ஆங்கில ‘சி’ எழுத்தைப் போல உள்ளே வளையும் சி கர்ல் பெர்மோ, அலைபோல் மடியும் எஸ் கர்ல் பெர்மோ செய்துகொள்வது வழக்கமாக இருக்கிறது. முன்முடியில் ரோலரைச் சுற்றியபடியே அங்குள்ள பெண்கள் வெளியே செல்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த மென்வளைவு தானாக வருவதில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

மெல்லிய, அடர்த்தி குறைந்த முடியில் இதே எண்ணிக்கையில் படிகள் வைத்தால் அடிமுடி எலிவால் போல் மெலிந்து போகும். அங்கே இரண்டு படிகளும் முகத்தையொட்டிய இழைகளும் போதும். அலைமுடிக்காரர்களுக்கு வளைவு இயல்பாகவே இருந்தாலும் அது இருக்கும் இடம் வேறு. படத்தில் உள்ளதுபோல் நுனியில் மட்டும் வளைய வேண்டுமானால் நாள்தோறும் ரவுண்ட் பிரஷும் ட்ரையரும் பிடித்தாக வேண்டும். காலையில் தலைக்கு எத்தனை நிமிடம் செலவிடுவீர்கள் என்று நான் முதலிலேயே கேட்பதற்குக் காரணம் இதுதான். ஐந்து நிமிடம் என்றால், உலரவிட்டாலே ஒழுங்காக விழும் வெட்டைத்தான் பரிந்துரைப்பேன், படம் எதுவாக இருந்தாலும்.

ஹஷ் கட்டையும் வுல்ஃப் கட்டையும் ஒன்றாக எண்ணுவது

முதலாவதில் படிகள் மெல்ல இறங்கும். இரண்டாவதில் உச்சி குட்டையாகப் பொங்கி, அடி நீண்டு மெலிந்திருக்கும். உச்சியில் உயரம் கூடுவதால், நீள முகத்துக்கு இரண்டாவது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

பென்சில் வைத்து அளந்துவிட்டு வருவது

மோவாய்க்குக் கீழே பென்சிலைக் கிடையாக வைத்து, காதுமடலின் அடியிலிருந்து அளவுகோலை இறக்கி, இரண்டும் சந்திக்கும் தொலைவு இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைந்தால், அதாவது ஏறத்தாழ 5.7 செ.மீ.க்குக் குறைந்தால், குட்டை முடி பொருந்தும் என்றொரு கணக்கு உலவுகிறது. அது மொத்த நீளம் குட்டையா நெடியதா என்பதைப் பற்றியது. படிகள் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு அதில் விடையில்லை. ஆனாலும் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

தின்னிங் கத்தரியால் எல்லாவற்றையும் சரிசெய்வது

அடர்த்தியைக் குறைக்கும் இந்தப் பல் கத்தரியை வேர்ப்பக்கம் கொண்டுபோனால், வெட்டுப்பட்ட குட்டை முடிகள் நீண்ட முடிகளை முட்டித் தள்ளி நிற்கும். அலைமுடியில் அது சிலிர்ப்பாகவே வெளியே தெரியும். நுனியோடு நிறுத்துங்கள்.

நெற்றிச் சுழியை மறப்பது

சுழி இருந்தால், நெற்றி தெரியும்படி மெல்லியதாக விடும் சி-த்ரூ முன்முடி இரண்டாகப் பிரியும்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முடிவுசெய்வது

கண்ணாடியின் சட்டமும் முகத்தில் ஒரு கிடைக்கோடு. குட்டை இழையின் இடத்தை அதை அணிந்தபடியே குறியுங்கள்.

முதல் அலசலுக்கு முன் தீர்ப்புச் சொல்வது

நாற்காலியிலிருந்து எழும்போது தெரிவது என் பிரஷின் வேலை. வெட்டு எப்படி இருக்கிறது என்பது நீங்களே இருமுறை அலசி, உங்கள் வழக்கப்படி உலர்த்திய பிறகுதான் தெரியும். நீளமாகத் தோன்றினால் அப்போது வாருங்கள், ஒரு செ.மீ. குறைத்துத் தருகிறேன். குட்டையாகத் தோன்றினால், வகிட்டை ஒரு விரல் அளவு தள்ளி எடுத்துப் பாருங்கள். இழை விழும் கோணம் மாறி, நுனி நிற்கும் இடமும் சற்று மாறித் தெரியும்.