கனேடியக் கால்பந்தில் ரன்னிங் பேக்: இடம் பிடிப்பதும் தக்கவைப்பதும்

மே மாதம் சிஎஃப்எல் (கனேடியக் கால்பந்து லீக்; சாக்கர் அல்ல, அமெரிக்கக் கால்பந்தைப் போலப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணிகளின் பயிற்சி முகாமுக்கு வரும் ரன்னிங் பேக்குகளில், அதாவது பந்தைச் சுமந்து ஓடுபவர்களில், ஓடத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனாலும் பலர் ஜூனுக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இரண்டாவது டவுன்தான் (டவுன் என்பது பந்தை முன்னே கொண்டுபோகக் கிடைக்கும் ஒரு வாய்ப்பு).

அமெரிக்க ஆட்டத்தில் 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. இங்கே மூன்று, அதிலும் மூன்றாவதில் வழக்கமாகப் பந்தை உதைத்து அனுப்பிவிடுவார்கள். ஆக, உருப்படியாகக் கையில் இருப்பவை இரண்டே. முதல் டவுனில் 2 யார்டுதான் கிடைத்தது என்றால் அடுத்ததில் 8 வேண்டும், பந்தை எறியும் பாஸ்தான் வரும் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ரன்னிங் பேக் செய்ய வேண்டியது பாஸை எறியும் குவாட்டர்பேக்கைக் காப்பது, இல்லையென்றால் குறும்பாஸ் பிடிப்பது. இரண்டும் தெரியாத ஒருவரை வெளியே எடுத்தால் எதிரணிக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடும். உள்ளே வைத்திருந்தால் குவாட்டர்பேக்கின் விலா எலும்புக்கு ஆபத்து. எந்தப் பயிற்சியாளரும் இதை நெடுநாள் பொறுக்க மாட்டார்.

2017இல் வினிபெக் புளூ பாம்பர்ஸ் அணிக்காக ஆண்ட்ரூ ஹாரிஸ் 1,000 யார்டுக்கு மேல் ஓடியதோடு 105 பாஸ்களையும் பிடித்தார். ரன்னிங் பேக் ஆக விரும்புகிறவர் அந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உள்ளே நுழையும் வழிகள்

முதலில் உங்கள் வகை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு அணியும் குறைந்தது 7 கனேடியர்களைத் தொடக்க வீரர்களாக இறக்க வேண்டும் என்பது விதி. கனேடியக் குடியுரிமை உள்ளவர்களும், 18 வயதுக்கு முன் மொத்தம் 5 ஆண்டு கனடாவில் வாழ்ந்தவர்களும் ‘நேஷனல்’ கணக்கில் வருவார்கள். நல்ல கனேடிய ரன்னிங் பேக் ஒருவர் கிடைத்தால், அணி இன்னோர் இடத்தில் ஓர் அமெரிக்கரை இறக்கிக்கொள்ளலாம். ஜான் கார்னிஷ், ஹாரிஸ், பிரேடி ஒலிவேரா போன்ற கனேடிய ரன்னிங் பேக்குகளின் மதிப்பில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. அமெரிக்கராக இருந்தால் இந்தச் சலுகை இல்லை. பக்கத்தில் நிற்கும் கனேடியரைவிடக் கொஞ்சம் மேல் என்பது போதாது, நன்றாகவே மேலாக இருக்க வேண்டும்.

கனேடியருக்குப் பெரிய வாசல் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. வசந்த காலத்தில் எட்டுச் சுற்றாக நடக்கும். கனடாவின் யு ஸ்போர்ட்ஸ் பல்கலைக்கழக ஆட்டத்திலிருந்தும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடும் கனேடியர்களிலிருந்தும் எடுப்பார்கள். ஒலிவேரா நார்த் டகோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் இரண்டாம் சுற்றில் வந்தவர். பல்கலைக்கழகம் அமையாதவர்களுக்கு ஜூனியர் லீக் இருக்கிறது. ஹாரிஸ் வான்கூவர் தீவின் ஜூனியர் அணியில் ஆடி, டிராஃப்ட்டில் பெயர் வராமலே பிசி லயன்ஸ் அணிக்குப் போனார்.

டிராஃப்ட்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் கம்பைனில் 40 யார்டு ஓட்டத்துக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பார்கள். எடுக்கட்டும். ஆனால் அங்கேயே தடுப்பணி வீரரான லைன்பேக்கரோடு ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சியும் உண்டு. 40 யார்டில் நொடியில் பத்தில் ஒரு பங்கு குறைத்தவரைவிட, அந்த மோதலில் மூன்று முறையும் நிலைகுலையாமல் நின்றவரைத்தான் பயிற்சியாளர்கள் நினைவில் வைப்பார்கள் என்பது எங்கள் கணிப்பு.

பிளிட்ஸைத் தடுப்பது

தடுப்பணி கூடுதல் ஆட்களை அனுப்பிக் குவாட்டர்பேக்கைத் தாக்குவதுதான் பிளிட்ஸ். அதைத் தடுக்கத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பக்கத்துக்கு 12 பேர் ஆடும் ஆட்டம் இது. தாக்குதல் அணியில் பாஸ் பிடிக்கும் ரிசீவர்கள், பந்து ஆட்டத்துக்கு வரும் ஸ்னாப்புக்கு முன்பே எந்தத் திசையிலும் ஓடலாம். அவர்கள் நகர நகரத் தடுப்பணியும் நகரும். யாரைத் தடுப்பது என்று முடிவு செய்து வைத்திருப்பீர்கள், அது கடைசி நொடியில் மாறிப்போகும்.

கண் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். முதலில் சென்டருக்கு (முன்வரிசையின் நடு வீரர்) இரு பக்க இடைவெளி, பிறகு டாக்கிளுக்கு (அந்த வரிசையின் ஓர வீரர்) வெளியே. ஒரே நேரத்தில் இருவர் வந்தால் உள்ளே வருபவரைப் பிடியுங்கள். வெளியே வருபவருக்குத் தூரம் அதிகம், குவாட்டர்பேக்குக்கும் அவர் கண்ணில் படுவார்.

ஆளைக் கண்டதும் குட்டை அடிகளாக முன்னே போங்கள். குவாட்டர்பேக் ஷாட்கன் என்ற அமைப்பில் சென்டருக்கு ஐந்து யார்டு பின்னே நிற்கிறார். நீங்களும் அவர் மடியிலேயே நின்று தடுத்தால், தள்ளப்படும் ஒவ்வோர் அடியும் அவர் மேல்தான் விழும். முன்வரிசைக்கு ஒன்றிரண்டு யார்டு பின்னே மோதுவதே சரி. முழங்கால் மடிந்து, பாதங்கள் தோள் அகலத்தில் இருக்கட்டும். உள்பக்கத்தை உடம்பால் அடைத்து வெளிப்பாதையை மட்டும் விடுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க, இரண்டு உள்ளங்கையாலும் எதிராளியின் மார்புப் பட்டையைக் கீழிருந்து மேலாக அடியுங்கள். கை தோளுக்கு வெளியே போய்ச் சட்டையைப் பற்றினால் ஹோல்டிங் என்ற தவறு, தண்டனையாக 10 யார்டு போச்சு.

தவறுகள் மூன்றே வகை. பாய்ந்து விழுந்தால் அவர் கையால் ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார். நிமிர்ந்து நின்றால் அப்படியே பின்னால் உருட்டிவிடுவார். தலையைக் கவிழ்த்தால் ஆளும் தப்பும், கழுத்துக்கும் கேடு. மூன்றுக்கும் வேர் ஒன்றே: ஆளைத் தாமதமாகக் கண்டது. ஆகவே உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரம் என்றால் வீடியோ முன்னாலும் ஒரு மணி நேரம். ஸ்னாப்புக்கு முன் நிறுத்தி, யார் வருவார் என்று உரக்கச் சொல்லிவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள்.

யாரும் வரவில்லை என்றால் சும்மா நிற்காதீர்கள். இரண்டு எண்ணிவிட்டுப் பக்கவாட்டில் நழுவிக் குறும்பாஸுக்குத் திரும்புங்கள்.

ஓட்டம்

தடுப்பணியின் முன்வரிசை பந்திலிருந்து ஒரு யார்டு தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு யார்டால் மோதல் சற்றுத் தாமதமாகத்தான் தொடங்கும். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் பழைய வேகத்தில் பாய்ந்து சொந்த அணியின் முன்வரிசை வீரர் முதுகில் முட்டுவது இதனால்தான். பந்தை வாங்கியதும் முதல் இரண்டு அடி நிதானம், இடைவெளி தெரிந்த பிறகு முழு வேகம்.

மைதானத்தின் அகலம் 65 யார்டு. பந்தை வைக்கும் எல்லையான ஹாஷ் கோடு ஓரத்திலிருந்து 28 யார்டில் இருப்பதால், அகன்ற பக்கம் 37 யார்டு திறந்து கிடக்கும். அதைப் பார்த்ததும் வெளியே வளைந்து ஓடத் தோன்றும். ஆனால் அவ்வளவு தூரம் பக்கவாட்டில் ஓடுகிற நேரம் தடுப்பவர்களுக்கும் கிடைக்கிறதே! முதல் டவுனில் 5 யார்டு எடுத்தால் அது நல்ல ஓட்டம். உள்ளே 4 கிடைக்கிறபோது வெளியே 20க்கு ஆசைப்பட்டு 2 இழப்பதுதான் புதியவர்களின் நிரந்தர வியாதி. 2027 முதல் மைதான நீளம் 110 யார்டிலிருந்து 100 ஆகிறது. அகலம் மாறாது, ஆகவே இந்த வியாதியும் போகாது.

பந்தை வாங்கும்போது குவாட்டர்பேக் பக்கத்து முழங்கை மேலே, மறு கை தொப்புள் மட்டத்தில் உள்ளங்கை மேல்நோக்கி. வாங்கிய பிறகு முனையை விரல்கள் மூடியிருக்க, முன்கை, மேற்கை, விலா எல்லாம் பந்தோடு ஒட்டியிருக்க வேண்டும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அங்கேதான் அடி விழும். கூட்டத்துக்குள் போகும்போது இரண்டாவது கையும் பந்தின் மேல்.

முதல் இரண்டு ஆண்டு

மாற்று வீரராக இருக்கும் வரை, பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கு இறங்கும் சிறப்பு அணிகளில்தான் பிழைப்பு. இந்த ஆட்டத்தில் ஃபேர் கேட்ச் (மோதலின்றிப் பந்தைப் பிடிக்கும் உரிமை) கிடையாது. பண்ட்டை, அதாவது உதைத்து அனுப்பிய பந்தை, பிடிப்பவருக்கு 5 யார்டு இடம் மட்டும் விட வேண்டும், அதை மீறினால் தண்டனை. முழு வேகத்தில் வந்து அந்த வளையத்துக்கு வெளியே நின்று, அவர் பந்தைத் தொட்டதும் பாயப் பழகுங்கள். எதிராளியை மடக்கி வீழ்த்தத் தெரிந்த ரன்னிங் பேக்கை அணி எளிதில் விடாது.

லீக் ஆட்டங்கள் 18. கடைசிச் சில வாரங்கள் ரெஜைனாவிலும் எட்மன்டனிலும் குளிர் கடுமையாக இருக்கும். பந்து கல்லாகும், செயற்கைப் புல் இறுகும். நீண்ட முள் காலணி அதில் குத்தி இறங்காது, வழுக்கும். குட்டை முள் பல கொண்ட ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும்.

தலையில் அடிபட்டு மங்கலாகத் தெரிந்தால் மறைக்காதீர்கள். மீண்டும் ஆட வருவதற்கு ஆறு படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம், அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. 2013இல் 1,813 யார்டு ஓடி லீக்கின் சிறந்த வீரரான கார்னிஷ், தலைக் காயத்துக்குப் பிறகு 2015இல் ஓய்வு பெற்றார். ஆடும் காலத்திலேயே வங்கி வேலையும் பார்த்தவர் அவர்.

பணம்

2022இல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி குறைந்தபட்சச் சம்பளம் 2023 முதல் ஆண்டுக்கு 70,000 கனேடிய டாலர். பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு உத்தரவாதம் இல்லை. சீசன் நடக்கும் மாதங்களில்தான் சம்பளம் வரும், ஆகவே அதைப் பன்னிரண்டால் வகுத்துச் செலவு செய்யுங்கள். பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை திறக்கும்போது, சம்பளத் தொகையைவிடக் கையெழுத்திடும்போதே கிடைக்கும் போனஸைப் பற்றி அதிகம் பேரம் பேசுங்கள். முகாமில் வெளியேற்றினாலும் கையில் வந்த காசு வந்ததுதான்.

அணியை விட்டுப் போகும் நாளில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்திடாதீர்கள். முழங்கால் வலி, விரல் வீக்கம் எதுவானாலும் எழுத்தில் பதியச் சொல்லி நகல் வாங்குங்கள், தகராறு வந்தால் வீரர் சங்கம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.