அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரரின் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-1865) வடக்குத் தரப்பில் போரிட்டவரைத் தேடுகிறவர்கள் பலர், அவருடைய படைப் பணிப் பதிவை வாங்கியதும் தேடலை முடித்துவிடுகிறார்கள். அதில் சேர்ந்த நாள், வருகைக் குறிப்பு, விடுவிக்கப்பட்ட நாள் இருக்கும். மனைவி, மக்களைப் பற்றி ஒரு வரி கிடைப்பதே அபூர்வம். குடும்பம் இருப்பது ஓய்வூதியக் கோப்பில். 1890 ஜூன் சட்டப்படி 90 நாள் பணி செய்து, பிற்பாடு உழைக்க முடியாமல் போனவரும் ஓய்வூதியம் கேட்கலாம். ஆகவே போரில் காயம்படாதவருக்கும் கோப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் வீரர் இருந்த ரெஜிமென்ட் (படைப்பிரிவு), கம்பெனி (அதற்குள் இருந்த சிறு பிரிவு) இரண்டையும் உறுதி செய்யுங்கள். பல கல்லறைக் கற்களில் பொறித்திருப்பார்கள். ஒரே பெயரில் பல வீரர்கள் இருந்ததால், இந்த இரண்டும் தெரியாமல் இறங்கினால் யாரோ ஒருவருடைய பிள்ளைகளை உங்கள் வம்சத்தில் சேர்த்துவிடுவீர்கள். கல் இல்லாவிட்டால் 1890ஆம் ஆண்டின் முன்னாள் வீரர் கணக்கெடுப்பு உதவும். ஆனால் ஆங்கில அகரவரிசையில் கன்சாஸ் வரையான மாநிலங்களின் தாள்கள் ஏறக்குறைய முழுதும் போய்விட்டன; கென்டக்கியில் ஒரு பகுதியும் அதற்குப் பிந்தைய மாநிலங்களும்தான் மிஞ்சியிருக்கின்றன.

அடுத்து, ஓய்வூதிய அட்டவணை அட்டை, அதாவது ஓய்வூதியம் கேட்டவரின் கோப்பைத் தேட உதவும் அட்டை. வீரர், விதவை, வீரரின் சிறுவயதுப் பிள்ளைகள் என்று தனித்தனி வரிகளில் விண்ணப்ப எண்ணும், ஓய்வூதியம் ஏற்கப்பட்டிருந்தால் சான்று எண்ணும் இருக்கும். விதவை வரியில் சான்று எண் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கணவரின் தாள்களையும் விதவையின் கோப்போடு சேர்த்துவிடுவது வழக்கம் என்பதால், வீரரின் எண்ணை மட்டும் கொடுத்தால் தேடல் வீணாகலாம். பிறகு வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பித்து முழுக் கோப்பையும் கேளுங்கள். தேர்ந்தெடுத்த சில பக்கங்கள் போதாது.

கோப்பு வந்ததும், ஓய்வூதிய அலுவலகம் வீரர்களுக்கு அனுப்பிக் குடும்ப விவரம் கேட்ட 1898, 1915 ஆண்டுகளின் வினாத்தாள்களை முதலில் எடுங்கள். மனைவியின் பிறந்தவீட்டுப் பெயர், மணம் நடந்த இடம், நடத்திவைத்தவர், முந்தைய திருமணம், பிள்ளைகளின் பிறந்த நாள் எல்லாவற்றையும் வீரரே சொல்லியிருப்பார். விதவையோ, தான் மனைவிதான் என்பதை நிரூபித்தாக வேண்டும். திருமணப் பதிவு இல்லாதவர்கள் குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம் எழுதிய தாளைக் கிழித்தே அனுப்பினார்கள். அந்தத் தாள் இன்றும் சில கோப்புகளில் இருக்கிறது. கூடவே பிரசவம் பார்த்தவர், அண்டை வீட்டார் வாக்குமூலங்களும் இருக்கும். இவற்றை அவசரமில்லாமல் படியுங்கள், ஒரு வீடு எப்படி வாழ்ந்தது என்பது இங்கேதான் தெரியும்.

சொன்னதையெல்லாம் அப்படியே நம்பவும் கூடாது. மறுமணம் செய்தால் விதவையின் தொகை நின்றுவிடும், அதனால் மறைத்தவர்கள் உண்டு. படையில் சேர வயதைக் கூட்டிச் சொன்ன சிறுவர்களும் உண்டு. அடிமைத்தனத்திலிருந்து வந்து சேர்ந்த கறுப்பின வீரர்களில் பலர் பின்னாளில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அட்டையில் மாற்றுப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

தெற்குத் தரப்பு வீரருக்கு இந்தக் கோப்பு இருக்காது. அவர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்தவை தென் மாநில அரசுகள். அவர் போரிட்ட மாநிலத்தை விட்டுவிட்டு, முதுமையில் குடியிருந்த மாநிலத்தின் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.