வீடு காலி செய்யப் போகிறீர்களா? அட்வான்ஸ் முழுசாகத் திரும்ப வர...

பலர் கூட்டிப் பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் அட்வான்ஸில் கிளீனிங் காசு என்று பிடித்தால் புலம்புகிறார்கள். ஹவுஸ் ஓனர் கண் முதலில் போவது பாத்ரூமுக்கும் சமையல் மேடைக்கும்தான்.

சென்னையில் போர் தண்ணீர் என்றால் குழாயெல்லாம் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். வினிகரில் நனைத்த பழைய துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். மார்பிளில் மட்டும் வினிகர் படக்கூடாது, பளபளப்பு போய்விடும். அதைவிட முக்கியம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் பிசுக்குக்கு, சுவிட்சை அணைத்துவிட்டு, சமையல் சோடாவையும் பாத்திரம் கழுவும் லிக்விடையும் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரம் கழித்து வெந்நீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். ஆணி ஓட்டைகளுக்கு வால் புட்டி. பரணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நான் அங்கே ஒரு குக்கரையே விட்டுவிட்டு வந்தவன்.

எல்லாம் முடிந்ததும் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து, ஈபி மீட்டர் ரீடிங் போட்டோவையும் சேர்த்து, சாவி கொடுக்கும் அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.