மாகாளிக் கிழங்கு கறுக்காமல் இருக்க

ஊறுகாய்க்கு வாங்கிய மாகாளிக் கிழங்கைத் தோலோடு ஒரு இரவு முழுக்க அரிசி கழுநீரில் ஊறவிடுங்கள். மறுநாள் தோல் சீவி, நறுக்க நறுக்கத் துண்டுகளை உப்புப் போட்ட புளித்த மோரில் போட்டுவிடுங்கள். அரை கிலோவுக்கு அரை லிட்டர் கெட்டி மோர் போதும், துண்டுகள் முங்கியிருக்க வேண்டும்.

ஊறினால் இடுக்கில் ஒட்டிய செம்மண் இளகிவிடும், தோலும் மெல்லிசாக வரும், சதை வீணாகாது. காட்டுக்கொடியின் வேர் இது; தோண்டி எடுத்தால் கொடிக்கே சேதம் என்பதால் வீணாக்காமல் இருப்பதுதான் நியாயம். வெட்டிய முகத்தில் காற்றுப் பட்டால் பழுப்பேறும், மோரின் புளிப்பு அதை மட்டுப்படுத்தும்.

தோல் சீவிய பிறகு வெறும் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், வாசனை இறங்கிவிடும். வேகவைக்கவும் கூடாது. அந்த மணம் சூட்டில் ஆவியாகிப் போகிற வகை. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின் என்ற பொருளுக்கு நெருங்கிய உறவு. நீளவாக்கில் பிளந்து, நடுவிலிருக்கும் நாரான தண்டை உருவி எறியுங்கள். அது எத்தனை நாள் ஊறினாலும் மென்று தின்ன வராது.

வளைத்தால் படக்கென்று ஒடியும் கிழங்குக்குத்தான் இந்த ஒரு இரவுக் கணக்கு. ரப்பர் மாதிரி வளைந்தால் வாடியது. தண்ணீர் மாற்றி இன்னொரு நாள் ஊறட்டும். நடுத்தண்டு பெருத்து, சதை தோல்போல மெலிந்த முற்றல் கிழங்கை எதுவும் காப்பாற்றாது, வாங்காதீர்கள். மோர் சேர்க்காமல் எலுமிச்சை ஊறுகாயாகப் போடுபவர்கள் துண்டுகளை நேராக எலுமிச்சைச் சாற்றில் போடலாம்.