ஈறு இறங்குகிறதா? கரித்தூளைக் கீழே வையுங்கள்

இறங்கிய ஈறு தானாக ஏறாது. எந்தப் பொடியும் எண்ணெயும் அதை வளர்க்காது. இருக்கிற ஈறைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. சாயல்குடி முதல் தொண்டி வரை நம் கரையோர ஊர்களில், பல்லைக் கவனிக்காதவர்களுக்கு மட்டுமல்ல, சுத்தம் என்று நினைத்து அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும் ஈறு கெடுகிறது.

சீமைக்கருவேல மூட்டம் போடும் ஊர்களில் கரித்தூளுக்குப் பஞ்சமில்லை. கரித்தூள், உமிக்கரி, செங்கல் தூள், பொடி உப்பு எதுவானாலும் பல்லைத் தேய்மானம் செய்யும். வெளியே தெரியும் பல்லுக்கு எனாமல் என்ற கடினமான மேலுறை காவல். ஈறுக்குள் இருக்கும் வேருக்கு அது கிடையாது. ஈறு இறங்கியதும் அந்த மென்மையான வேர்தான் கரியில் அரைபடுகிறது. கண்ணாடி முன் நின்று, விரல் நகத்தை ஈறோரம் வைத்துப் பல்லின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் தட்டினால் தேய்மானம் தொடங்கிவிட்டது. கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த பற்களிலும் இது அதிகம். கடினமான பிரஷ்ஷைக் குறுக்கே இழுத்துத் தேய்த்தாலும் இதே கதிதான்.

சாஃப்ட் பிரஷ், பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். பிரஷ்ஷைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னதாக அசைத்து, கடிக்கும் பக்கமாக உருட்டி எடுங்கள். காலையும் இரவும் 2 நிமிடம். நார் விரிந்துபோனால் 3 மாதம் ஆகாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவது அடுத்த தவறு. பெரும்பாலும் அழுக்கு படிந்து ஈறு வீங்குவதால்தான் ரத்தம் வருகிறது. விட்டால் அழுக்கு காரையாக இறுகும், அடியில் எலும்பு கரையும். உப்புநீர் கொப்பளித்தால் வீக்கம் சற்றுத் தணியும், காரை அசையாது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு எலும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

“க்ளீனிங் பண்ணினா பல்லு ஆடும், சந்து விழும்” என்ற பயத்தில் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. அந்தச் சந்து முன்பே இருந்தது, காரை அடைத்திருந்தது. காரை போய் வீக்கமும் வற்றியதும் வெளியே தெரிகிறது. ஆடும் பல்லைக் காரை தாங்கிப் பிடித்திருக்கிறது என்று நம்பிக் காத்திருந்தால், பல்லே கைக்கு வரும்.

கடலுக்குப் போகும்போது தூக்கம் வராமலிருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்குகிறவர்கள், கன்னத்தை விலக்கி அந்த இடத்தைப் பாருங்கள். அங்கே ஈறு தனியாக இறங்கியிருக்கலாம். வழித்தால் போகாத வெள்ளைத் திட்டோ, 2 வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்ட வேண்டும். புற்றுநோய் அப்படியும் தொடங்கும்.

பல் கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட் வாங்குகிறவர்கள் 4 நாளில் கைவிடுகிறார்கள். அது வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர்விட்டு அலசித் தள்ள வேண்டாம். கூச்சம் குறைந்தாலும் ஈறு ஏறிவிட்டதாக அர்த்தமில்லை. ஈறோரம் தேய்ந்த பள்ளத்தைப் பல் நிறச் சிமெண்டால் அடைக்கலாம். அதுவும் ஈறு ஆகாது.

வேரை மூட வேண்டுமானால் அண்ணத்திலிருந்து மெல்லிய திசு எடுத்து ஒட்டித் தைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. பற்களுக்கு இடையே எலும்பு நல்லபடி இருந்தால் வேர் முழுவதும் மூட வாய்ப்பு அதிகம். அது கரைந்துபோனால் ஓரளவுதான் மூடும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள். முதலில் காரை எடுத்து, துலக்கும் முறையைத் திருத்தி, புகையிலையை நிறுத்திய பிறகே டாக்டர்கள் இதைச் செய்வார்கள். ஒட்டிய இடத்தில் சுமார் 2 வாரம் பிரஷ் படக் கூடாது. குழைந்த சோறு, ஆறிய கஞ்சி, முள் நீக்கிய மீன் சாப்பிடலாம். படகில் போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் இதை வைத்துக்கொண்டால் தொழில் கெடாது.