ஊர் வங்கியாளரின் வாழ்க்கை வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

கருமுத்து தியாகராசச் செட்டியாரையே எடுத்துக்கொள்வோம். அவர் நிறுவிய பாங்க் ஆஃப் மதுரா 1943-இல் தொடங்கியது. 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. அவர் நிறுவிய மதுரை தியாகராசர் கல்லூரி 1949-இல் வந்தது. முதலில் இப்படி நான்கைந்து உறுதியான ஆண்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். புதிதாகக் கிடைக்கும் தகவல் எதுவும் இவற்றோடு முரணாகக் கூடாது. பழைய ஆவணங்களில் தேடும்போது ‘மதுரை’ என்று மட்டும் பார்த்தால் பாதி தவறிவிடும். வங்கியின் பெயர் ‘மதுரா’.

பிழை அதிகம் நுழைவது ஆண்டுக் கணக்கில்தான். கல்வெட்டில் ‘சுபானு’ என்று தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் அது 1883–84 ஆகவும் இருக்கலாம், 1943–44 ஆகவும் இருக்கலாம். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தை, மாசி நிகழ்ச்சிகள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். நிலப் பதிவேட்டில் பசலி (நில வருவாய்க் கணக்கு ஆண்டு) இருந்தால், ஆங்கில ஆண்டைப் பெற ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டுங்கள். பசலி 1353 என்றால் 1943 ஜூலை முதல் 1944 ஜூன் வரை.

நன்கொடைத் தொகைகளை அணா, பை கணக்கோடு அப்படியே எழுதுங்கள்: அன்று ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. இன்றைய மதிப்புக்கு மாற்ற வேண்டாம். ஆளுக்கொரு கணக்கு வரும்.

கல்வெட்டைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுங்கள். எண்ணெய், சுண்ணாம்பு தடவாதீர்கள்.

வாரிசுகள் சொல்வதைத் தனி நிற மையில் குறியுங்கள். பாசத்தில் தேதி நகரும்.